ரத்தப் பரிசோதனையில் 22 சாப்பாட்டுக்குச் சிவப்பு: மூன்று வயதுப் பையனுக்கு என்ன கொடுப்பது?

செந்தூல்அம்மா
திங்கள், இரவு 11.48

வணக்கம். நீண்ட நாளாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சின்னவனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். நாலு மாதக் குழந்தையாக இருந்தபோதே தோலில் கரப்பான் (எக்ஸிமா) வந்துவிட்டது. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், கழுத்து, எல்லாம் எப்போதும் சிவந்து சொரசொரவென்று இருக்கும். பதினோராம் மாதத்தில் அவன் அப்பா காலையில் பசியாறும்போது அரைவேக்காட்டு முட்டை ஒரு கரண்டி ஊட்டினார். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கி, வாயைச் சுற்றித் தடித்துவிட்டது. கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், அடங்கியது. அன்றிலிருந்து முட்டை கிடையாது.

போன வருஷக் கடைசியில் கரப்பான் ரொம்ப மோசம். இரவெல்லாம் சொறிந்து, காலையில் பார்த்தால் மெத்தை விரிப்பில் ரத்தப் புள்ளிகள். தெரிந்தவர் சொன்னார் என்று ஓர் இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். 880 வெள்ளி. ரிப்போர்ட்டில் 22 சாப்பாட்டுக்குச் சிவப்புக் கோடு. பால், கோதுமை, முட்டை, கோழி, இறால், கச்சான் (நிலக்கடலை), முந்திரி, வாழைப்பழம், தக்காளி, பூண்டு, உளுந்து, துவரம்பருப்பு என்று போகிறது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். ஐந்து மாதம் ஆகிறது.

இப்போது அவன் சாப்பிடுவது சோறு, பூசணிக்காய், கேரட், உருளைக்கிழங்கு, ஆட்டிறைச்சி, கொஞ்சம் மீன். எடை 14.2 கிலோவிலிருந்து 12.9க்கு இறங்கிவிட்டது. கரப்பான் அப்படியேதான் இருக்கிறது.

நேற்று அவன் கால்சட்டையைத் துவைக்க எடுத்தேன். பைக்குள் டிஷ்யூவில் சுற்றிய ஒரு முறுக்கு. பக்கத்து வீட்டு அக்கா எப்போதோ கொடுத்தது. நமுத்துப்போயிருந்தது, கடித்த தடமே இல்லை. ஏன்யா இதை வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "மோந்து மட்டும் பார்ப்பேன்மா" என்றான்.

மாமியார் இது சூட்டு உடம்பு, விளக்கெண்ணெய் கொடு என்கிறார். வீட்டுக்காரர் அதே பரிசோதனையை இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். எனக்கு எதுவும் விளங்கவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மிளகுரசம்
செவ்வாய், காலை 7.15

முறுக்கு விஷயம் படித்து அழுதுவிட்டேன் சகோதரி. என் மகளுக்கும் பசும்பால் ஆகவில்லை, ஆட்டுப்பாலுக்கு மாற்றினோம், இப்போது நன்றாக இருக்கிறாள். உங்கள் பையனுக்கும் அதைக் கொடுத்துப் பாருங்கள். கச்சான், முந்திரி பக்கம் மட்டும் ஐந்து வயது வரை போகாதீர்கள். எங்கள் டாக்டர் மூத்தவளுக்கு அப்படித்தான் சொன்னார்.

மல்லிகை72
செவ்வாய், காலை 10.02

செந்தூல் அம்மா, நான் பினாங்கில் 31 வருஷம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் குழந்தைகள் வார்டு. நான் டாக்டர் இல்லை, உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கவும் இல்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். மேலே ஐஜிஜி என்று போட்டிருக்கிறதா, ஐஜிஇ என்று போட்டிருக்கிறதா? இரண்டும் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள். கடைசி எழுத்து ஒன்றுதான் மாறுகிறது, ஆனால் இரண்டின் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. ஐஜிஜி என்பது உடம்பு ஒரு சாப்பாட்டோடு பழகியிருக்கிறது என்பதற்கான அடையாளம். அடிக்கடி சாப்பிடும் எதற்கும் அது இருக்கும், உங்களுக்கும் எனக்கும் இருக்கும். அதை வைத்து அலர்ஜி என்று முடிவு கட்டக்கூடாது என்று ஐரோப்பிய அலர்ஜி சங்கம் 2008இலேயே எழுதிவிட்டது. அமெரிக்க, கனடா சங்கங்களும் அதையேதான் சொல்கின்றன. கோழி, வாழைப்பழம், பூண்டு, பருப்பு என்று தினமும் நம் வீட்டுத் தட்டில் இருப்பதெல்லாம் உங்கள் பட்டியலில் வந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது.

ஐஜிஇ வேறு. சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வீக்கம், வாந்தி, இருமல், மூச்சுத்திணறல் என்று வருகிறதே, அந்த அலர்ஜிக்கு உரியது. ஆனால் அதிலும் எண்ணை மட்டும் பார்த்து எதையும் நிறுத்திவிட முடியாது. உடம்பு அந்தப் பொருளைக் குறித்து வைத்திருக்கிறது என்று மட்டும்தான் அந்த எண் சொல்லும். சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான் அம்மா. என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை நிமிஷம் கழித்து, என்ன ஆனது, அதற்கு முன்னால் அதையே சாப்பிட்டபோது என்ன ஆனது. வார்டில் நல்ல டாக்டர்கள் ரத்தக் காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டு முதலில் அரைமணி நேரம் இதைத்தான் கேட்பார்கள்.

இரண்டு விஷயம் அவசரமாகச் சொல்ல வேண்டும்.

மிளகுரசம் அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு ஆட்டுப்பால் மாற்று ஆகாது. இரண்டிலும் உள்ள புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பத்தில் ஒன்பது பேருக்கு அதுவும் ஆகாது. உங்கள் மகளுக்கு ஒத்துக்கொண்டது என்றால் அவளுக்கு இருந்தது பால் அலர்ஜியாகவே இல்லாமல் இருந்திருக்கலாம்.

இன்னொன்று, செந்தூல் அம்மா, இதைப் படித்துவிட்டு இன்று மதியமே எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்துவிடாதீர்கள். கரப்பான் உள்ள குழந்தைக்கு, ஐஜிஇ இருக்கும் ஒரு சாப்பாட்டை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திடீரென்று கொடுத்தால், முன்பு ஒன்றும் செய்யாத பொருள்கூடக் கடுமையாக எதிர்க்கும். எதை வீட்டிலேயே கொடுக்கலாம், எதை ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளிதான். எடை குறைந்த கணக்கைக் காட்டி, குழந்தை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். எடை இறங்கியிருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

கெப்போங்கிளி
செவ்வாய், மதியம் 1.30

மல்லிகை அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பரிசோதனையில் ஒன்றுமே வராத அலர்ஜியும் இருக்கிறது. என் மகளுக்கு ஏழு மாதத்தில் மீன் கஞ்சி கொடுத்தேன். இரண்டரை மணி நேரம் நன்றாக விளையாடினாள். அப்புறம் அடுக்கடுக்காக வாந்தி. முகம் வெளுத்து, துணி மாதிரித் துவண்டுவிட்டாள். தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை. ஃபுட் பாய்சன் என்றார்கள். மூன்றாவது தடவையும் அதே மீன், அதே இரண்டரை மணி நேரம். அப்போதுதான் ஒரு டாக்டர் நான் எழுதி வைத்திருந்த நேரங்களைப் பார்த்துவிட்டு இது குடல் சம்பந்தப்பட்ட அலர்ஜி, எஃப்பிஐஇஎஸ் என்றார். ரத்தத்திலும் தோலிலும் ஒன்றும் தெரியாது, கதையில்தான் தெரியும் என்றார். நேரத்தை எழுதி வையுங்கள், சகோதரி. நான் காலண்டர் ஓரத்தில் கிறுக்கி வைத்ததுதான் அவளைக் காப்பாற்றியது.

செந்தூல்அம்மா
செவ்வாய், இரவு 10.20

மல்லிகை அக்கா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னதுபோல முதல் பக்கத்தில் ஐஜிஜி4 (ஐஜிஜியில் ஒரு வகை) என்றுதான் இருக்கிறது. 22 சிவப்பும் அதில்தான். ஆனால் பைலைத் தேடினால் வேறு கிளினிக்கில் போன வருஷம் எடுத்த ஒரு காகிதம் கிடைத்தது. அதில் ஐஜிஇ என்று இருக்கிறது. தூசிப் பூச்சி 100க்கு மேல், முந்திரி 8.7, முட்டை வெள்ளைக்கரு 6.1, இறால் 2.3, கச்சான் 0.4. மற்றதெல்லாம் இல்லை.

நீங்கள் கேட்ட மாதிரி நானும் அவரும் உட்கார்ந்து நினைத்துப் பார்த்து எழுதினோம். இறால் சம்பால் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறான், ஒன்றும் ஆனதில்லை. கச்சான் சாஸ் தொட்டு சாத்தே சாப்பிட்டிருக்கிறான், அதுவும் ஒன்றும் ஆகவில்லை. முந்திரி வீட்டில் வாங்கும் வழக்கமில்லை, கொடுத்ததே இல்லை என்று எழுதப் போனேன்.

அப்போது அவர் "பிரிக்பீல்ட்ஸ் கல்யாணம்" என்றார்.

இரண்டு வயதில் நடந்தது. பந்தியில் பாயசம் இரண்டு கரண்டி குடித்தான். கொஞ்ச நேரத்தில் இருமல், நிற்கவே இல்லை. அப்புறம் இரண்டு தடவை வாந்தி, காது இரண்டும் சிவப்பு. மண்டபத்தில் கூட்டம், வெக்கை, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அத்தை அங்கேயே மிளகாய் சுற்றிப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டான். மறந்தே போய்விட்டோம். பாயசத்தில் முந்திரி அரைத்துவிட்டிருந்தார்களா என்று தெரியாது. ஆனால் மேலே வறுத்த முந்திரி மிதந்தது, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மல்லிகை72
செவ்வாய், இரவு 10.41

அம்மா, இந்தக் கதையை இப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு சொல்கூட மாற்றாதீர்கள்.

தடிப்பு வந்தால்தான் அலர்ஜி என்று பலர் நினைக்கிறார்கள். இருமலும் வாந்தியும் சேர்ந்து வருவது அதைவிடப் பெரிய விஷயம். டாக்டர் பார்க்கும் வரை முந்திரி, பிஸ்தா இரண்டும் முழுதாக நிறுத்துங்கள். இரண்டும் நெருங்கிய சொந்தம், ஒன்று ஆகாதவனுக்குப் பெரும்பாலும் மற்றதும் ஆகாது. குருமா, பிரியாணி, கேசரி, வெண்பொங்கல், லட்டு, கோயில் பிரசாதம் எதுவானாலும் கேட்காமல் கொடுக்காதீர்கள். நம் சமையலில் முந்திரியை அரைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

இறாலைப் பற்றி ஒரு வார்த்தை. தூசிப் பூச்சிக்கும் இறாலுக்கும் உடம்பில் ஒரே மாதிரியான ஒரு புரதம் உண்டு, டிரோபோமயோசின் என்று பெயர். நம் நாட்டு ஈர வெப்பத்தில் மெத்தை முழுக்கத் தூசிப் பூச்சிதான். அதற்கு எண் எகிறியிருக்கும் குழந்தைக்கு இறாலும் கூடவே கொஞ்சம் காட்டும். இருந்தாலும் ஐந்து மாதம் நிறுத்தியாகிவிட்டது, அதனால் ஆஸ்பத்திரியில் வைத்தே கொடுக்கட்டும்.

தண்ணீர்மலை
புதன், காலை 6.05

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. முந்திரி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகனுக்கு நாலு வயதில் தைப்பூசம். தண்ணீர்மலைக்கு நடந்து போகிறோம். வழியெல்லாம் பந்தல், தேங்காய் உடைத்த சாலை ஈரமாக வழுக்குகிறது, அவன் என் தோளில். ஒரு பந்தலில் குளிர்ந்த பாதாம் பால் கொடுத்தார்கள். பாதாம் அவனுக்கு ஆகும், வீட்டில் சாப்பிடுவான். முந்திரி மட்டும்தான் ஆகாது, அதுவும் அதற்கு முன் ஒரு தடவை லேசான தடிப்பு வந்ததோடு சரி. பாலைக் கெட்டியாக்க முந்திரியும் அரைத்திருக்கிறார்கள். அந்தப் பந்தல்காரர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. நான் கேட்கவில்லை.

அரை கப் குடித்தான். ஐந்து நிமிஷத்தில் "அப்பா, தொண்டையில் முடி இருக்கு" என்றான். முடியைத் தேடினேன். வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்க்கிறேன், ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கு அரிக்கிறது, இறுகுகிறது என்று சொல்லத் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள் என்று பின்னால்தான் புரிந்தது. கையில் அரிப்பு மருந்து சிரப் இருந்தது. கொடுத்தேன். கொடுத்துவிட்டு இருபது நிமிஷம் காத்திருந்தேன். அந்த இருபது நிமிஷத்தை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. அவன் குரல் மாறியது, கரகரவென்று வயசானவர் குரல் மாதிரி. அப்புறம் தோளில் தலையைச் சாய்த்தான். தூங்குகிறான் என்று நினைத்தேன். தூக்கம் இல்லை அது.

பந்தலில் தொண்டு செய்த ஒரு தாதி மிஸ்ஸிதான் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸ் கூடாரத்துக்கு ஓடச் சொன்னார். தொடையில் ஊசி போட்டார்கள். அட்ரினலின். சில நிமிஷத்தில் கண் திறந்து தண்ணீர் கேட்டான். அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், சில பேருக்கு அடங்கிய பிறகு சில மணி நேரம் கழித்து மறுபடி வரும் என்பதற்காக.

டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சிரப் அரிப்புக்குத்தான். தொண்டை இறுகுவதையும் ரத்த அழுத்தம் இறங்குவதையும் அது நிறுத்தாது. மூச்சு, குரல், துவளல், சாப்பிட்டதும் தொடர் வாந்தி, இதில் எது வந்தாலும் முதலில் தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின், அப்புறம் 999. சந்தேகம் இருந்தாலும் போடு, போட்டதால் கெடுதல் குறைவு, போடாததால் வருவதுதான் பெரிது. குழந்தையைப் படுக்க வை, கால் பக்கம் உயரமாக. மூச்சு வாங்கினால் உட்காரலாம், ஆனால் எழுப்பி நடக்க விடாதே. ஐந்து நிமிஷத்தில் சரியாகவில்லை என்றால் இரண்டாவது.

மிளகுரசம்
புதன், காலை 8.40

மல்லிகை அக்கா, கோபம் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு ஆபத்து என்றால் கச்சான், முந்திரியை ஐந்து வயது வரை தள்ளிப்போடுவதுதானே நல்லது? எங்கள் பாட்டி காலத்தில் இந்த அலர்ஜி எல்லாம் யாருக்கு இருந்தது? இப்போது மூன்று மாதக் குழந்தைக்கு எல்லாவற்றையும் கொடுக்கச் சொல்கிறார்களாம்.

புக்கிட்ஜாலில்அப்பா
புதன், காலை 9.55

மிளகுரசம், உங்கள் டாக்டர் அன்று சொன்னது அன்றைய அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2000இல் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கச்சான் வேண்டாம் என்றுதான் சொன்னது. 2008இல் அதை எடுத்துவிட்டார்கள். தள்ளிப்போட்டும் அலர்ஜி குறையவில்லை.

அதே 2008இல் லண்டனில் கிடியன் லாக் என்ற டாக்டரின் குழு ஒன்றைக் கவனித்தது. லண்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்குக் கச்சான் அலர்ஜி, இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு. இஸ்ரேலில் பல் முளைக்கும் முன்பே கச்சானில் செய்த பம்பா என்ற நொறுக்குத்தீனியைக் குழந்தைகள் வாயில் கரைத்துத் தின்னும். அதைச் சோதிக்க 640 குழந்தைகளை எடுத்தார்கள், எல்லாம் நாலு முதல் பதினோரு மாதம், கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ளவர்கள். பாதிப் பேருக்கு வாராவாரம் கச்சான், பாதிப் பேருக்குக் கிடையவே கிடையாது. ஐந்து வயதில் பார்த்தால், தள்ளிப்போட்டவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம். 2015இல் வெளியானது. நான் இதைப் படித்துவிட்டுத்தான் என் இரண்டாவது குழந்தைக்கு ஏழு மாதத்தில் கஞ்சியில் கச்சான் வெண்ணெய் கரைத்துக் கொடுத்தேன். மூத்தவளுக்குக் கடுமையான கரப்பான், அதனால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.

மூன்று மாதத்தில் யாரும் கொடுக்கச் சொல்லவில்லை. ஆறு மாத வாக்கில், கழுத்து நின்று, திட உணவு ஆரம்பித்த பிறகு. முழுக் கச்சான் ஐந்து வயது வரை கூடாது என்று நீங்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதற்காக.

மல்லிகை72
புதன், காலை 10.30

பாட்டி காலத்தைப் பற்றி. மிளகுரசம் அம்மா, பாட்டிமார்கள் குழந்தைக்கு மடியில் வைத்து எல்லாவற்றையும் துளித்துளியாக நாக்கில் தடவுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? நாம்தான் பயந்து தள்ளிப்போட ஆரம்பித்தோம். வெடித்த தோல் வழியாக முதலில் உள்ளே போகும் சாப்பாட்டை உடம்பு எதிரியாகப் பார்க்கிறது, வாய் வழியாக முதலில் போவதைப் பழக்கமாக எடுத்துக்கொள்கிறது என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். கச்சான் எண்ணெய் கலந்த கிரீம் தடவிய குழந்தைகளுக்குக் கச்சான் அலர்ஜி கூடுதல் என்று 2003இலேயே பார்த்தார்கள். அதனால்தான் கரப்பான் தோலை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் தொண்டை வறளச் சொல்கிறேன்.

இன்னொன்றும் எனக்கு நினைவுக்கு வருகிறது. 90களில் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டால் கடுமையான அலர்ஜி வந்து படுத்த குழந்தைகளுக்கு முதல் காரணம் பறவைக்கூடு. சீன வீட்டில் உடம்புக்கு நல்லது என்று கொடுப்பது. பிறகு வந்த வருஷங்களில் கச்சான் முன்னால் வந்துவிட்டது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்துப் பயப்படாமல் நம் அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிறைக்காரன்
புதன், மாலை 5.12

மன்னிக்கணும், இடையில் ஒரு சந்தேகம். போன வாரம் கெம்போங் மீன் பொரித்துச் சாப்பிட்டோம். அரைமணியில் என் மகளுக்கு முகம், கழுத்து எல்லாம் சிவந்து தலைவலி. எனக்கும் காது சூடாகி முகம் சிவந்தது. அவளுக்கு மீன் அலர்ஜியா?

மல்லிகை72
புதன், மாலை 6.01

தம்பி, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது என்கிறீர்களே, அதுதான் துப்பு. கெம்போங், தொங்கோல், சூரை மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் அதில் ஹிஸ்டமின் ஊறிவிடும். பொரித்தாலும் போகாது. அலர்ஜி மாதிரியே காட்டும், ஆனால் அது மீனின் குற்றம், பிள்ளையின் உடம்பு அல்ல. இதற்கு முன் அந்த மீனை நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள் என்றால் பெரும்பாலும் இதுதான். ஆனாலும் கிளினிக்கில் ஒரு தடவை சொல்லிவையுங்கள்.

தடிக்காடீச்சர்
வியாழன், இரவு 9.18

நான் கோலாலம்பூரில் ஒரு தடிக்காவில் (பாலர்பள்ளியில்) பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். செந்தூல் அம்மா, பையனைச் சேர்க்கும்போது டீச்சரிடம் "இவனுக்கு நட்ஸ் ஆகாது" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். காலையில் இருபது பெற்றோர் இருபது விஷயம் சொல்வார்கள். ஒரு தாளில் பையன் படம், முந்திரி, பிஸ்தா, முட்டை என்று பெரிதாக, கீழே என்ன வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. இரண்டு பிரதி. ஒன்று சமையலறைக் கதவில், ஒன்று வகுப்பில். சமையல் செய்யும் அக்காவுக்குத் தமிழும் தெரியாது ஆங்கிலமும் தெரியாது என்றால் காஜுஸ், தெலுர் என்று மலாயிலும் எழுதுங்கள். டாக்டர் அட்ரினலின் ஊசிப் பேனா கொடுத்தால் அதைப் பூட்டிய அலமாரியில் வைக்கக் கூடாது, சாவி தேடும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

எங்களுக்குப் பெரிய தலைவலி பிறந்தநாள் கேக். யாரோ ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் கொண்டுவந்துவிடுவார்கள். உங்கள் பையனுக்கென்று ஒரு டப்பாவில் அவன் சாப்பிடக்கூடிய பலகாரம் எங்களிடம் கொடுத்து வைத்துவிடுங்கள். எல்லாரும் கேக் சாப்பிடும்போது அவன் கையிலும் ஏதோ இருக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு அலர்ஜியைவிட அதுதான் வலிக்கும்.

பாக்கெட் சாமான் வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் பின்பக்கம் படியுங்கள். முட்டை, பால், கோதுமை, மீன், கடலை, கொட்டை வகை இருந்தால் எழுத வேண்டும் என்று நம் உணவு விதிகளில் இருக்கிறது. போன மாதம் பார்த்தேனே என்று விட்டுவிடாதீர்கள், கம்பெனி செய்முறையை மாற்றிவிடும்.

செந்தூல்அம்மா
ஏழு வாரம் கழித்து, சனி, இரவு 9.40

எல்லாருக்கும் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன்.

கிளினிக் கெசிஹாத்தான் டாக்டர் எடைக் கணக்கைப் பார்த்ததும் உடனே கடிதம் எழுதினார், தேதியும் சீக்கிரம் கிடைத்தது. குழந்தைகள் அலர்ஜி டாக்டர், மல்லிகை அக்கா சொன்ன மாதிரியே, 22 சிவப்புக் காகிதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். கேள்வி மட்டும் நாற்பது நிமிஷம். கல்யாணப் பாயசக் கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

தோல் பரிசோதனைக்கு ஒரு வாரத்துக்கு முன்பே அரிப்பு மருந்தை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், மருந்து இருந்தால் முடிவு பொய்யாகிவிடுமாம். அந்த வாரம் தூக்கம் இல்லை, ஈரத்துணி சுற்றிச் சமாளித்தோம். முன்கையில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் ஒவ்வொரு துளி. ஒவ்வொரு துளி வழியாகவும் சின்னக் குத்தல். ரத்தம் வரவில்லை. பதினைந்து நிமிஷம் கையைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும், நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எறும்பு கதை சொன்னேன். ஒரு துளி வெறும் உப்புத் தண்ணீர், அது வீங்கக் கூடாது. ஒன்று ஹிஸ்டமின், அது வீங்கியாக வேண்டும். பரிசோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க. முந்திரி 9 மில்லிமீட்டர் வீங்கியது. முட்டை 5. இறால் 3. கச்சான் ஒன்றுமில்லை.

அன்றே பால், கோதுமை, கோழி, வாழைப்பழம், தக்காளி, பூண்டு, உளுந்து, பருப்பு எல்லாம் வீட்டிலேயே திரும்பக் கொடுக்கலாம் என்றார், ஒன்றொன்றாக. இறாலும் கச்சானும் ஆஸ்பத்திரியில் வைத்து இரண்டு தனித்தனி நாளில் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்துக்கொண்டன. முந்திரியும் பிஸ்தாவும் கண்டிப்பாகக் கிடையாது. பையன் 15 கிலோவுக்குக் கீழே இருந்தாலும் அந்த முந்திரிக் கதையை நினைத்து 0.15 மில்லிகிராம் பேனா எழுதினார். எல்லா ஃபார்மசியிலும் இல்லை, மூன்று இடத்துக்குப் போன் அடித்துத்தான் கிடைத்தது. பயிற்சிப் பேனாவில் என்னையும், அவரையும், மாமியாரையும் செய்து காட்டச் சொன்னார்கள். நீல மூடியைக் கழற்று, ஆரஞ்சு முனை தொடையில், துணி மேலேயே அழுத்து. மாமியார்தான் முதலில் சரியாகச் செய்தார். அந்த விளக்கெண்ணெய்ப் பேச்சு இப்போது இல்லை. கல்யாண வீட்டில் குருமா யார் அரைத்தது என்று போய் விசாரிப்பவர் இப்போது அவர்தான்.

கரப்பானுக்கு டாக்டர் கொடுத்தது சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. குளித்த மூன்று நிமிஷத்துக்குள் ஈரப்பசை கிரீம் நிறைய, வெடித்த இடத்தில் சொன்ன நாளுக்கு மட்டும் ஸ்டீராய்டு கிரீம், மெத்தை விரிப்பு வாராவாரம் சுடுதண்ணீரில். மூன்று வாரத்தில் முழங்கை மடிப்பு எனக்கே அடையாளம் தெரியவில்லை. எடை 13.7.

முறுக்கு பக்கத்து வீட்டு அக்கா சுட்டதுதான், அரிசி மாவு, உளுத்தம் மாவு, எள், எண்ணெய். அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். சுடச்சுடக் கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சுற்றாக உடைத்து உடைத்துத் தின்றான். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மல்லிகை72
சனி, இரவு 10.15

பிள்ளைக்குக் கரைந்த சதை திரும்பி வருகிறது, அது போதும் எனக்கு. முட்டைக்கு என்ன சொன்னார்கள்?

செந்தூல்அம்மா
சனி, இரவு 10.32

அடுத்த வாரம் அக்கா. கோதுமை மாவோடு கலந்து 180 டிகிரியில் அரைமணி நேரம் வெந்த முட்டையைப் பல பிள்ளைகள் தாங்குவார்களாம், பத்தில் ஏழு பேர் போல. வீட்டில் மஃபின் செய்து கொண்டுவரச் சொன்னார்கள். துணுக்கிலிருந்து ஆரம்பித்து இடைவெளி விட்டு விட்டுக் கொடுப்பார்கள், கடைசித் துண்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். ஆனால் தொடர்ந்து கொடுக்க வேண்டுமாம், அதுவும் மஃபின் வடிவில் மட்டும். அரைவேக்காடு, ரொட்டி தெலுர் எல்லாம் இன்னும் ரொம்ப தூரம். முட்டை பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வயதில் போய்விடும், முந்திரி அப்படி எளிதாகப் போகாது என்றார்.

தண்ணீர்மலை அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்கு நாங்கள் பத்துமலைக்குப் போகிறோம். வெயிலில் பேனாவை எப்படி எடுத்துப் போவது?

தண்ணீர்மலை
ஞாயிறு, காலை 6.20

காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள் தங்கச்சி, நம் வெயிலில் அது அடுப்பு. ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது, ஐஸ்மேலும் படக் கூடாது. 25 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. நான் சின்னக் குளிர்ப்பையில் துணி சுற்றி வைத்துக்கொள்கிறேன். பை யார் கையில் என்று முதலிலேயே பேசி வையுங்கள். கூட்டத்தில் நீங்கள் அவரிடம் இருக்கிறது என்று நினைப்பீர்கள், அவர் உங்களிடம் என்று நினைப்பார். பிள்ளை யார் தோளிலோ, பேனாவும் அவரிடமே. பந்தலில் எது கொடுத்தாலும் கும்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தண்ணீரும் பலகாரமும் வீட்டிலிருந்து. காலாவதித் தேதியைக் கைப்பேசியில் ஒரு மாதம் முன்பே மணி அடிக்கும்படி போட்டுவிடுங்கள்.

செந்தூல்அம்மா
ஞாயிறு, மாலை 4.50

நேற்றே சிவப்பில் ஒரு பை வாங்கிவிட்டோம் அண்ணா. சின்னவன் அதைத் தன் பை என்று தோளில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் சுற்றுகிறான், கழற்ற மாட்டேன் என்கிறான். முறுக்கு டப்பாவையும் அதற்குள்ளேயே வைக்க வேண்டுமாம்.